மலைக்குளிரில் ஒளிந்திருக்கும் சூடு: நிக்சி கடிகாரத்தின் உயர் மின்னழுத்த மின்வழங்கியைச் சீர்செய்ய முழுமையான வழிகாட்டி

உதகையில் என் மேசைமேல் நான்கு மாதம் பிசகில்லாமல் ஓடிய ஒரு நிக்சி கடிகாரம் (வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல்களில் எண்கள் ஒளிரும் கடிகாரம்), சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் அத்தை மகன் வீட்டுக்குப் போன மூன்றாம் நாளே தகராறு செய்யத் தொடங்கியது. "மச்சான், எட்டு மணிக்கு மேல நம்பரெல்லாம் மங்குது, பொட்டிக்குப் பின்னாடி சுடுது" என்று அவன் தொலைபேசியில் சொன்னான். கடிகாரம் திரும்பி வந்தபோது, சில்வர் ஓக் பலகையில் செய்த பெட்டியின் பின்பக்கத்தில் நான் பூசியிருந்த தேன்மெழுகு இளகி, அதில் அவனுடைய கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. உள்ளே மாஸ்ஃபெட்டுக்கு (மின்னோட்டத்தை மடைபோலத் திறந்து அடைக்கும் டிரான்சிஸ்டர்) அடியில் இருந்த பலகை பழுப்பேறியிருந்தது.

பழுது மேட்டுப்பாளையத்தில் உண்டானதல்ல. உறைபனி விழும் தை மாதத்தில் நான் அதைச் சோதித்தபோதே அது இருந்தது. குளிர் அதை மறைத்து வைத்திருந்தது. உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால், விசிறியில்லாத கருவியைக் காற்று தானாகத் தணிக்கும் திறன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையவே செய்கிறது. ஆனால் அறையின் வெப்பநிலை சமவெளியைவிட 20 டிகிரிக்கு மேல் குறைந்திருப்பதால், அந்த இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே மலையில் இருந்துகொண்டு இந்தக் கருவிகளைச் செய்பவர்கள், "தொட்டால் சுடுகிறதா" என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சுற்றுக்காற்றைவிட ஒவ்வொரு பாகமும் எத்தனை டிகிரி ஏறி நிற்கிறது என்பதை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். இந்த ஏற்றத்தைத்தான் கீழே "வெப்ப ஏற்றம்" என்று குறிப்பிடுகிறேன்.

எவ்வளவு சூடு நியாயம்

ஐஎன்-12, ஐஎன்-14 போன்ற சோவியத் குழல்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.5 மில்லி ஆம்பியர் எடுக்கும். பற்றிக்கொள்ள 170 வோல்ட் வேண்டும். பற்றிய பின் குழலின் குறுக்கே ஏறக்குறைய 140 வோல்ட் நிற்கும். ஆறு குழல்களுக்கு 15 மில்லி ஆம்பியர். மின்வழங்கி 180 வோல்ட் தருகிறது என்றால் வெளியீட்டுத் திறன் 2.7 வாட். நன்றாக அமைந்த ஒரு பூஸ்ட் சுற்று (குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுற்று) 12 வோல்ட்டிலிருந்து இதை 80 சதவீதச் செயல்திறனோடு தரும். அப்போது உள்ளே 3.4 வாட் போய், 0.7 வாட் மட்டும் சூடாக வீணாகும். செயல்திறன் 50 சதவீதத்துக்கு இறங்கினால் வீணாவதே 2.7 வாட் ஆகிவிடும். ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றில் கழிக்கும் உலோகத் துண்டு) இல்லாத, மாஸ்ஃபெட் அடங்கிய டிஓ-220 உறை ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறக்குறைய 62 டிகிரி ஏறும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், மாஸ்ஃபெட் எதற்காகக் கருகுகிறது என்பது விளங்கிவிடும்.

மாஸ்ஃபெட்டின் வெப்ப ஏற்றம் 30 டிகிரிக்குள் இருந்தால் நான் அதைத் தொடுவதில்லை. 50 டிகிரியைத் தாண்டினால் கடிகாரம் எவ்வளவு அழகாக ஓடினாலும் அதைப் பழுது என்றே எடுத்துக்கொள்கிறேன். சூடேறச் சூடேற மாஸ்ஃபெட்டின் உள்மின்தடையும் ஏறும். 100 டிகிரியில் அது அறை வெப்பநிலையில் இருந்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். சூடு மின்தடையைக் கூட்ட, மின்தடை சூட்டைக் கூட்டும்.

கை வைக்கும் முன்

180 வோல்ட் நேர்மின்சாரம் விளையாட்டுக்குரியதன்று. அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் வெளியீட்டு மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றின் இரு முனைகளிலும் காப்பிட்ட கம்பிகளைப் பற்றவைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டு மின்தேக்கியைக் காலி செய்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே பலகையைத் தொட வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; மழைக்காலத்தில் ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்காதீர்கள்.

பலரும் தவறுகிற இடம் இன்னொன்று உண்டு. மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு, சுருளிலிருந்து மின்னோட்டம் நுழையும் அதன் டிரெய்ன் முனையோடு இணைந்தது. அங்கே ஒவ்வொரு துடிப்பிலும் 180 வோல்ட் வந்து போகிறது. சூடு பார்க்க அதில் விரல் வைப்பவர் சூட்டை அல்ல, வேறொன்றை உணர்வார். மல்டிமீட்டரோடு வரும் வெப்பமானிக் கம்பியின் நுனியும் வெற்று உலோகம்தான். அதை நேராக அங்கே ஒட்டினால் மீட்டருக்கே கேடு. மஞ்சள் நிறக் கேப்டன் டேப்பை முதலில் ஒரு சுற்று ஒட்டி, அதன்மேல் நுனியை வைத்து, இன்னொரு துண்டால் மூடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் பளபளக்கும் உலோகத்தை நோக்கி நேராகப் பிடித்தால் அது உள்ளதைவிட மிகக் குறைவாகவே காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் பிடிக்க வேண்டும்.

முதற்படி: நான்கு எண்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் உள்ளீட்டு மின்னழுத்தம், உள்ளீட்டு மின்னோட்டம், வெளியீட்டு மின்னழுத்தம், வெளியீட்டு மின்னோட்டம் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். குழல்களின் மின்னோட்டம் எண்ணுக்கு எண் மாறுவதால், அவற்றை விலக்கிவிட்டு ஒரு நிலையான சுமையை இணைப்பது நல்லது. 12 கிலோ ஓம், 5 வாட் மின்தடை 180 வோல்ட்டில் சரியாக 15 மில்லி ஆம்பியர் எடுக்கும். அரை மணி நேரம் ஓடவிட்டு, அறையின் வெப்பநிலையையும் மாஸ்ஃபெட், டையோடு, சுருள், கட்டுப்பாட்டு ஐசி ஆகிய நான்கின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தை மகனின் கடிகாரத்தில் 12 வோல்ட்டில் 0.43 ஆம்பியர் உள்ளே போயிற்று. அதாவது 5.2 வாட் வாங்கி 2.7 வாட் தந்தது. செயல்திறன் 52 சதவீதம். மாஸ்ஃபெட்டின் வெப்ப ஏற்றம் 71 டிகிரி. உதகையில் 13 டிகிரி அறையில் அது 84 டிகிரியில் நின்று பிழைத்துக்கொண்டது. மேட்டுப்பாளையத்தில் 38 டிகிரி வெயிலோடும் மூடிய பெட்டியின் வெக்கையோடும் 120 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

பழி வேறிடத்தில் இருக்கலாம்

உயர் மின்னழுத்தப் பகுதி சூடாகிறது என்று கொண்டுவரப்படும் பலகைகளில் பலவற்றில் உண்மையில் சூடாவது பக்கத்தில் நிற்கும் 7805 என்ற 5 வோல்ட் சீராக்கி. குழல்களின் எண்களை இயக்கும் கே155ஐடி1 ஐசிகள் ஆறு வைத்தால் அவை மட்டுமே 150 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். கடிகாரத்தை ஓட்டும் வைஃபை உள்ள நுண்கட்டுப்படுத்தியும் சேர்ந்தால் 250-ஐ எட்டும். 12 வோல்ட்டை 5 ஆக்க, மீதி 7 வோல்ட்டையும் அது சூடாகவே கழிக்கிறது: 1.75 வாட். ஹீட் சிங்க் இல்லாமல் இது தாங்காது. மின்னழுத்தத்தைச் சூடாக வீணாக்காமல் இறக்கித் தரும், அதே கால்களில் உட்காரும் சிறிய பக் மாட்யூல் ஒன்றை வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் அதோடு முடிந்தது.

சுமை கூடியிருக்கிறதா

நான்கு பாகங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சூடாகின்றன என்றால், மின்வழங்கி தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டு, அளவுக்கு மீறிய சுமையைச் சுமக்கிறது என்று பொருள். ஒவ்வொரு குழலோடும் தொடராக நிற்கும் ஆனோடு மின்தடையின் குறுக்கேயும் மின்னழுத்தத்தை அளந்து, மின்தடையின் மதிப்பால் வகுத்தால் அந்தக் குழலின் மின்னோட்டம் கிடைக்கும்.

இங்கே வெளியீட்டு மின்னழுத்தத்தின் சிறு பிசகு செய்யும் சேட்டையைக் கவனிக்க வேண்டும். 16 கிலோ ஓம் ஆனோடு மின்தடையோடு 180 வோல்ட்டில் குழலுக்கு 2.5 மில்லி ஆம்பியர் போகிறது. வெளியீடு 200 வோல்ட்டுக்கு ஏறினால், குழல் தன் 140 வோல்ட்டிலேயே நிற்பதால், மிச்சமுள்ள 60 வோல்ட்டும் மின்தடையின் தலையில் விழுந்து மின்னோட்டம் 3.75 ஆகிறது. ஆறு குழல்களுக்கு 2.7 வாட்டாக இருந்தது 4.5 வாட் ஆகிவிடுகிறது. பதினொரு சதவீதம் கூட்டிய மின்னழுத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் திறன்! எண்கள் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று தெரியட்டும் என்று வெளியீட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைத் திருப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குழலின் ஆயுளும் அந்தத் திருகாணியில்தான் இருக்கிறது.

எம்சி 34063 என்ற கட்டுப்பாட்டு ஐசியை நம்பிய சுற்றுகளில் வெளியீட்டைத் தீர்மானிப்பது ஒரு மின்தடைப் பிரிப்பான். கீழே 4.7 கிலோ ஓமும் மேலே 680 கிலோ ஓமும் இருந்தால் 1.25 வோல்ட் ஒப்பீட்டுக்கு 182 வோல்ட் கிடைக்கும். மேலே உள்ள மின்தடை நாளடைவில் மதிப்பு உயர்ந்தால் வெளியீடும் உயரும். அது முற்றிலும் அறுந்தால் சுற்று கட்டுக்கடங்காமல் ஏறி மின்தேக்கியை வெடிக்க வைக்கும். மேற்பரப்பில் ஒட்டும் 0805 அளவு மின்தடைகளுக்கு 150 வோல்ட்தான் பொதுவான வரம்பு என்பதால், மேலே ஒன்றுக்குப் பதிலாக 330, 350 என்ற கணக்கில் இரண்டைத் தொடராகப் போடுவதே பத்திரமானது.

உள்ளே வரும் 12 வோல்ட்

அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல், பலகையில் கம்பி வந்து சேரும் இடத்தில் அளந்து பாருங்கள். மெல்லிய கம்பியும் தளர்ந்த பின்னும் சேர்ந்து 9 வோல்ட்டாக இறக்கியிருந்தால், அதே திறனுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தாக வேண்டும். அத்தோடு மாஸ்ஃபெட்டைத் திறந்து அடைக்கும் முனையான கேட்டுக்குப் போகும் மின்னழுத்தமும் குறைந்துவிடும். 5 வோல்ட் யுஎஸ்பியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இதே காரணத்தால் ஐஆர்எஃப் 740 என்ற மாஸ்ஃபெட் உதவாது. கேட்டில் 10 வோல்ட் இருந்தால்தான் அது முழுமையாகத் திறக்கும்.

கேட்: பெரும்பாலான சூடு பிறக்கும் இடம்

மாஸ்ஃபெட் மட்டும் தனியாகக் கொதிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. ஒரு சுழற்சியில் நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 மைக்ரோ ஹென்றி சுருள், நொடிக்கு 40,000 துடிப்புகள், 3.4 வாட் உள்ளீடு என்றால், ஒவ்வொரு துடிப்பிலும் சுருளின் மின்னோட்டம் 1.3 ஆம்பியர் வரை ஏற வேண்டும். 12 வோல்ட்டில் அதற்கு 11 மைக்ரோ வினாடி ஆகும். மாஸ்ஃபெட் அடைபட்டதும், சேர்த்து வைத்த ஆற்றல் முழுவதும் வெளியீட்டுக்குப் பாய்ந்து முடிய 0.8 மைக்ரோ வினாடி போதும். ஆகவே மடையைத் திறக்கும்போது நிதானம் காட்டினாலும், அடைக்கும்போது ஒரே வீச்சில் அடைக்க வேண்டும்.

எம்சி 34063-இன் உமிழியிலிருந்து கேட்டை நேராக இயக்கி, கேட்டிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம் மின்தடை போடும் வரைபடம்தான் எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதில் திறப்பதை ஐசி செய்கிறது. அடைப்பதை அந்த ஒற்றை மின்தடை செய்ய வேண்டியிருக்கிறது. ஐஆர்எஃப் 740-இன் கேட்டில் நிறைந்திருப்பது 63 நானோ கூலம் வரை. அதில் டிரெய்ன் மின்னழுத்தம் ஏறும் கட்டத்தில் வெளியேற வேண்டிய பங்கு மட்டும் 32 நானோ கூலம் வரை. அந்தக் கட்டத்தில் கேட் ஏறக்குறைய 5 வோல்ட்டில் நிற்பதால், 1 கிலோ ஓம் வழியே 5 மில்லி ஆம்பியர்தான் வடியும். கணக்குப் போட்டால் 6 மைக்ரோ வினாடிக்கு மேல் வருகிறது. ஆற்றல் வெளியேற 0.8 மைக்ரோ வினாடி தேவைப்படும் இடத்தில், மடை பாதி திறந்த நிலையில் ஆறு மைக்ரோ வினாடி நிற்கிறது. குழல்களுக்குப் போக வேண்டிய ஆற்றல் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே எரிகிறது.

மின்தடையை 220 ஓமாகக் குறைத்தால் மாஸ்ஃபெட் கொஞ்சம் தணியும், ஆனால் ஐசி சூடாகத் தொடங்கும். நான் பரிந்துரைப்பது ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர். ஐசியின் வெளியீட்டிலிருந்து கேட்டுக்கு 1என் 4148 டையோடு ஒன்றை, ஆனோடு ஐசியின் பக்கம் இருக்குமாறு, இணையுங்கள். 2என் 2907-இன் உமிழியைக் கேட்டிலும், பேஸை ஐசியின் வெளியீட்டிலும், சேகரிப்பானைத் தரையிலும் பற்றவையுங்கள். 1 கிலோ ஓம் மின்தடை இனி கேட்டிலிருந்து அல்ல, ஐசியின் வெளியீட்டிலிருந்து தரைக்குப் போக வேண்டும். ஐசி கைவிட்ட நொடியில் டிரான்சிஸ்டர் திறந்து கேட்டின் மின்னூட்டத்தை ஒரே மடக்கில் குடித்துவிடும். கால்களை நறுக்கி, மாஸ்ஃபெட்டின் அடியிலேயே ஒட்டினாற்போல் வையுங்கள். நீண்ட கம்பியில் தொங்கவிட்டால் பாதிப் பலன் போய்விடும். இந்த இரண்டு பாகங்களைச் சேர்த்ததிலேயே எங்கள் கடிகாரத்தின் உள்ளீடு 0.43-இலிருந்து 0.33 ஆம்பியருக்கும், வெப்ப ஏற்றம் 71-இலிருந்து 38 டிகிரிக்கும் இறங்கின.

அதன் பிறகும் மாஸ்ஃபெட் மட்டும் சூடாக இருந்தால், அது அசலா என்று சந்தேகப்பட இடமுண்டு. மலிவாகக் கிடைப்பவற்றில் சிறிய சில்லின்மேல் பெரிய எண்ணை அச்சிட்டவை கலந்திருக்கின்றன. கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, டிரெய்னில் 0.5 ஆம்பியர் ஓடவிட்டு, குறுக்கே அளந்தால் ஐஆர்எஃப் 740-இல் 0.28 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. அதன் உள்மின்தடையின் உச்சவரம்பு 0.55 ஓம். ஐஆர்எஃப் 840 இன்னும் 100 வோல்ட் கூடுதலாகத் தாங்கும், ஆனால் 0.85 ஓம், 180 வோல்ட் கடிகாரத்துக்கு அந்தத் தாங்குதிறன் தேவையில்லாத சுமை.

டையோடு

கடையில் அதிவேக டையோடு இல்லை என்று 1என் 4007-ஐ வாங்கி வந்தது என் தவறு. அதுவும் அதிவேக வகையான யுஎஃப் 4007-உம் 1,000 வோல்ட், 1 ஆம்பியர், ஒரே கறுப்பு உருளை. ஆனால் 1என் 4007 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகப் பிறந்தது. கடத்துவதை நிறுத்தச் சொன்ன பிறகும் ஓரிரு மைக்ரோ வினாடிகளுக்கு மேல் பின்னோக்கிக் கடத்திக்கொண்டே இருக்கும். நம் சுற்றில் ஆற்றல் பாயும் நேரமே 0.8 மைக்ரோ வினாடி என்பதால், போனதில் ஒரு பங்கைத் திருப்பி இழுத்துவிடுகிறது. யுஎஃப் 4007 இதே வேலையை 75 நானோ வினாடியில் முடிக்கும். யுஎஃப் 4004 இன்னும் வேகமானது, 400 வோல்ட் நமக்குத் தாராளம். மாற்றியபின் உள்ளீடு 0.285 ஆம்பியர், செயல்திறன் 79 சதவீதம், மாஸ்ஃபெட்டின் வெப்ப ஏற்றம் 22 டிகிரி. டையோடு தவறானால் சுடுவது டையோடு மட்டுமன்று, மாஸ்ஃபெட்டும்தான் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

சுருள்

சுருளுக்கு இரண்டு மின்னோட்ட எல்லைகள் உண்டு: கம்பி தாங்குவது ஒன்று, உள்ளகம் நிறைவுறாமல் தாங்குவது இன்னொன்று. நிறைவுற்ற கணத்தில் சுருள் வெறுங்கம்பியாகிவிட, மின்னோட்டம் செங்குத்தாக ஏறும். மின்தடையைப் போலத் தோன்றும் சிறிய பச்சை நிறச் சுருள்கள் சில நூறு மில்லி ஆம்பியரிலேயே நிறைவுறுபவை. அவற்றுக்கு இங்கே வேலையில்லை. 2 ஆம்பியருக்கு மேல் நிறைவுறும் ஃபெரைட் சுருளை வாங்குங்கள். பழைய கணினி மின்வழங்கியிலிருந்து மஞ்சள்-வெள்ளை வளையத்தைப் பிரித்து எடுத்துச் சுற்றுபவர்கள், அந்த இரும்புத்தூள் உள்ளகம் உயர் அதிர்வெண்ணில் தானே சூடாகும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கம்பி குளிர்ந்தும் வளையம் சூடாகவும் இருந்தால் குற்றவாளி அதுவே.

அலைநோக்கி இருந்தால், மின்னோட்டத்தை உணரும் சிறு மின்தடையின் குறுக்கே பார்க்கலாம்: நேர்க்கோடாக ஏறுவது நல்லது, கடைசியில் வாள்முனைபோல் மேல்நோக்கி வளைவது நிறைவுறுதல். அந்த மின்தடை 0.22 ஓம் என்றால் எம்சி 34063 ஏறக்குறைய 1.36 ஆம்பியரில் கத்தரிக்கும். வெளிச்சம் போதவில்லை என்று அந்த மின்தடையைக் கம்பியால் குறுக்கிவிட்ட ஒரு பலகையை நான் பார்த்திருக்கிறேன். அதன் மாஸ்ஃபெட் மூன்றாகப் பிளந்திருந்தது.

மின்தேக்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளீட்டில் சுருளை ஒட்டி 470 மைக்ரோ ஃபாரட், உள்மின்தடை குறைந்த வகை. வெளியீட்டில் 250 வோல்ட்டுக்குக் குறையாதது. இரண்டும் 105 டிகிரி முத்திரையோடு இருக்கட்டும். மாஸ்ஃபெட், டையோடு, வெளியீட்டு மின்தேக்கி மூன்றையும் நெருக்கி வையுங்கள். பிரெட்போர்டில் இந்தச் சுற்றைக் கட்டவே கட்டாதீர்கள்.

மூடுபனி, பெட்டி, ஹீட் சிங்க்

மழைக்காலத்தில் சன்னலைத் திறந்து வைத்தால் மேகமே அறைக்குள் வந்துவிடும் ஊர் எங்களுடையது. உயரத்தில் காற்று எளிதில் மின்காப்பு இழக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆனால் எந்த அழுத்தத்திலும் காற்றில் பொறி பாய ஏறக்குறைய 327 வோல்ட்டாவது வேண்டும் என்பதால் 180 வோல்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது பலகையில் துடைக்காமல் விட்ட பற்றாசுப் பசையும் அதில் இறங்கும் ஈரமும்தான். 680 கிலோ ஓம் மின்தடைக்கு இணையாக 5 மெகா ஓம் ஈரக் கசிவு உண்டானாலே வெளியீடு 160 வோல்ட்டுக்கு இறங்கி, குழல்கள் பற்றத் திணறும். இதைப் பார்த்துத் திருகாணியை ஏற்றி வைப்பவர், வெயில் வந்து பலகை காய்ந்ததும் 200 வோல்ட்டுக்கு மேல் பெறுவார். அதன் விளைவை மேலே கண்டோம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே மின்னழுத்தத்தைத் திருத்துங்கள்.

பெட்டிக்கு அடியில் நான்கு துளைகளும் பின்பலகையின் உச்சியில் நான்கு துளைகளும் இருந்தால் காற்று தானாக மேலேறிப் போகும். ஹீட் சிங்க்கைக் கடைசியாகவே நினையுங்கள். காரணம் தெரியாமல் அதை மாட்டுவது, காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு மருந்து கொடுத்துவிட்டதாக நினைப்பது போன்றது. மாட்டியே ஆக வேண்டும் என்றால் மைக்கா தகடும் பிளாஸ்டிக் வளையமும் வைத்து மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த அலுமினியம் முழுவதும் 180 வோல்ட்டில் துடிக்கும்.

கடைசிச் சோதனை: மேசைமேல் ஒரு சமவெளி

கடிகாரத்தைப் பெட்டியில் பூட்டி, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து, எட்டாத மூலையில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, மூடியைத் திறந்து மூடிச் சரிசெய்து உள்ளே 40 டிகிரி நிற்கச் செய்யுங்கள். பக்கத்திலேயே இருந்து கவனித்தவாறு நான்கு மணி நேரம் ஓடவிட்டு, எல்லாக் குழல்களும் எரியும் நிலையில் மாஸ்ஃபெட்டின் வெப்பநிலையைப் பாருங்கள். எங்களுடையது 76 டிகிரியில் நின்றது. 40 டிகிரி சுற்றுக்காற்று, பெட்டிக்குள் 12 டிகிரி வெக்கை, மீதி அதன் சொந்த ஏற்றம். இந்த எண்களையும் உள்ளீட்டு மின்னோட்டத்தையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பின்பலகையின் உட்புறம் ஒட்டினேன். மேட்டுப்பாளையத்தில் அடுத்த முறை யாராவது அதைத் திறந்தால், 0.285 ஆம்பியர் இப்போது எவ்வளவாகியிருக்கிறது என்பதை அளந்து பார்த்தே தொடங்கலாம்.